முகம் பார்த்துச் சொன்ன விடை

என் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வெகுகாலம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. முழங்கால் உயரம்கூட வராது. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார வாங்குவார்களே, அந்த வகை. அதற்கு இடம் விட்டு, இரண்டு கால்களையும் வெளிப்பக்கம் அகட்டி வைத்துக்கொண்டு நான் வண்டி ஓட்டுவதைப் பார்த்து ராசிபுரம் கடைவீதியில் சிரிக்காதவர்கள் குறைவு. "ஏனுங்க வாத்தியாரே, பால் கறக்கக் கெளம்பிட்டீங்களா?" என்று கேட்டவர்களும் உண்டு. பொதுவாக எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும். இந்தக் கேலிக்கு மட்டும் கோபம் வந்ததில்லை, ஏனென்றால் ஸ்டூல் என்னுடையது இல்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சருடையது. அவர் மாறுதல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போன பிறகும் அது என் வண்டியிலேயே கிடந்தது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரவும் மனம் வரவில்லை, வீட்டுக்குள் எடுத்து வைக்கவும் மனம் வரவில்லை.

நாங்கள் இருவரும் வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர்களாக இருந்தோம். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது எங்கள் வேலை. பயிற்சி எப்படி நடக்கும் என்பது அந்த மண்டபங்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். காலையில் ஒரு பாட்டு, கை தட்டல், பிறகு திரையில் படங்கள், பதினொரு மணிக்கு வடை, மத்தியானம் குழுவாகப் பிரிந்து சார்ட்டில் எழுதி ஒட்டுதல், சாயங்காலம் கருத்துப் படிவம். படிவத்தில் எல்லோரும் எழுதுவது ஒரே வரி: "மிகவும் பயனுள்ளதாக இருந்தது." கடைசி வரிசையில் இருப்பவர்கள் மடியில் வைத்துத் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருப்பார்கள். நானும் ஒரு காலத்தில் கடைசி வரிசையில் இருந்து திருத்தியவன்தான், அதனால் அவர்களை அதட்ட வாய் வராது. ஆனாலும் மேடையில் நிற்கும்போது உள்ளுக்குள் எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். என்ன வேலை செய்கிறோம் நாம் என்று நினைத்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போவேன்.

டீச்சர் எங்கள் மையத்துக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். பிறந்தது நாமக்கல் பக்கம், விவசாயக் குடும்பம். வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை என்பதால் குடியிருந்தது சேலம் சூரமங்கலத்தில். தினமும் அங்கிருந்து பஸ் ஏறி, எங்கள் மையம் இருக்கும் புதுச்சத்திரத்தில் இறங்குவார். ஒல்லியான உடம்பு, சத்தமில்லாத குரல், ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடவே மாட்டார். முதல் பயிற்சி முடிந்த அன்று, படிவங்களை நான் அடுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். "ஏனுங்க சார், நாம பேசறம், அவுங்க கேக்கறாங்க. அவுங்களுக்கு என்ன புரியலைன்னு நாம ஒரு நாளாச்சும் கேட்டிருக்கறமா?" என்றார். கேட்டதில்லை. எங்கள் பயிற்சியில் அதற்கென்று நேரமே ஒதுக்கப்படவில்லை.

அவர் மனதில் ஒரு திட்டம் இருந்தது. கேட்கும்போது சப்பென்று இருந்தது. பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் சிலர் மாதம் ஒரு நாள் ஒருவருடைய வகுப்பில் கூட வேண்டும். அந்த வகுப்பு ஆசிரியர் தனக்கே புரியாத ஒன்றைக் கேள்வியாக முன்வைக்க வேண்டும்: என் பிள்ளைகள் கழித்தலில் ஏன் இங்கேயே தடுக்கி விழுகிறார்கள், இந்தப் பையன் ஏன் எழுதுவதைக் கண்டாலே ஓடுகிறான், இப்படி ஏதாவது. மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து டீச்சரைப் பார்க்காமல் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். வகுப்பு முடிந்ததும் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். "அருமையாக நடத்தினீர்கள்" என்று சொல்லக் கூடாது. "இப்படிச் செய்திருக்கலாம்" என்றும் சொல்லக் கூடாது. அதற்குப் பிறகு ஒவ்வொருவரும் தன் வகுப்பில் எதை மாற்றிப் பார்க்கப் போகிறோம் என்று யோசித்துக்கொண்டு கலைய வேண்டும். அவ்வளவுதான். வடை உண்டா என்று கேட்டேன். "வடை இருக்கட்டுங்க சார், அதுல என்ன பாவம்" என்றார்.

முதல் தடங்கல் நாற்காலியில் வந்தது. எங்கள் பக்கத்தில் வெளியாள் யார் பள்ளிக்குள் நுழைந்தாலும் தலைமையாசிரியர் அறையிலிருந்து துண்டு போட்ட நாற்காலியைத் தூக்கி வந்து வகுப்பின் நடுவில் போட்டுவிடுவார்கள். அதில் உட்கார்ந்துவிட்டால் நாம் பார்க்க வந்தவர் இல்லை, சோதிக்க வந்தவர். பிள்ளைகள் முதுகை நிமிர்த்திக்கொள்வார்கள், டீச்சருக்குக் குரல் மாறிவிடும். வேண்டாம் என்று சொன்னால் மரியாதைக் குறைவு. சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் டீச்சர் சேலத்துக் கடையில் இந்தச் சிவப்பு ஸ்டூலை வாங்கி வந்தார். நாற்காலியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "முதுகு வலிங்க, கீழ உக்காந்தாத்தான் எனக்கு ஆகும்" என்று ஒரு பொய்யைச் சொல்லி, பிள்ளைகள் பக்கத்தில் அவர்கள் உயரத்துக்கு உட்கார்ந்துகொண்டார். கூட்டமான பஸ்ஸில் ஸ்டூலோடு ஏறினால் கண்டக்டர் கத்துகிறார் என்பதால் அது என் வண்டிக்கு வந்தது. அவர் மினிபஸ்ஸில் வருவார். ஸ்டூல் என்னோடு வரும்.

ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்றால், "பிள்ளைங்க நல்லா கவனிச்சாங்க" என்பார்கள். யார் கவனித்தார்கள், எப்படித் தெரிந்தது என்று டீச்சர் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார்கள். ஒருவரை ஒருவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது, நாளைக்கு ஒரே பஸ்ஸில் போக வேண்டாமா? எனக்குப் பொறுமை போய்விட்டது. விட்டுவிடலாம் என்று பல தடவை சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை.

பிறகு ஒரு நாள் நடந்தது. ஒரு பையனிடம் முனை ஒடிந்த ஸ்கேல் இருந்தது. மூன்றிலிருந்துதான் எண்கள் தொடங்கும். சுண்ணக்கட்டியை அதன்மேல் வைத்தால் மூன்றில் தொடங்கி எட்டில் முடிந்தது. எவ்வளவு நீளம் என்று வகுப்பு டீச்சர் கேட்டார். சரியான விடை ஐந்து. எட்டு என்று சொல்லியிருந்தால் எங்களுக்குக் காரணம் தெரியும். பையன் ஆறு என்றான். பின்னால் இருந்த ஒருவருக்கும் புரியவில்லை. டீச்சர் ஸ்டூலிலிருந்து குனிந்து, "எப்படின்னு காட்டு சாமி" என்றார். அவன் விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு எண்ணிக் காட்டினான். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்ற ஆறு கோடுகள். கோட்டை எண்ணுவதா, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தை எண்ணுவதா என்பதை எங்களில் யாருமே பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அன்றைக்குக் கூட்டம் பள்ளி மணி அடித்த பிறகும் கலையவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பேசினார்கள். எத்தனையோ வருஷ வேலையில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை, அதை இப்போது நினைத்தாலும் உடம்பு பரபரக்கிறது.

சேதி மேலே போயிற்று. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள். அவருக்குப் பிடித்துவிட்டால் வரும் கல்வியாண்டில் மாவட்டம் முழுக்க இதே முறை, பிடிக்காவிட்டால் பழையபடி மண்டபமும் திரையும். எந்த வகுப்பைக் காட்டுவது என்ற பேச்சு வந்தபோது, புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்துப் பள்ளியின் டீச்சர் தானே முன்வந்தார். எங்கள் குழுவிலேயே ஆர்வமானவர் அவர். எல்லோருக்கும் வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுவருபவர். ஸ்டூல் டீச்சரிடம் தனி ஒட்டுதல். "நீங்க எதுக்கும் கவலப்படாதீங்க டீச்சர், நான் பாத்துக்கறேனுங்க" என்று கையைப் பிடித்துச் சொன்னார். எனக்கு அது தெம்பாக இருந்தது.

அன்று அதிகாரி துண்டு போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார், அவரை யார் தடுக்க முடியும்? டீச்சர் கடைசியில், கதவோரம், ஸ்டூலில். நான் அவருக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றேன். பாடம் அளவைகள். முனை ஒடிந்த ஸ்கேல் ஒன்று மேசைக்கு வந்தது. எனக்கு லேசாக உறுத்தியது. இரட்டைச் சடை போட்ட ஒரு பெண்ணை எழுப்பி நீளம் கேட்டார்கள். அவள் ஆறு என்றாள். எப்படி என்று கேட்டதும், விரலால் கோடு கோடாகத் தொட்டு, அழகாக, நிதானமாக எண்ணிக் காட்டினாள். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்து குறித்துக்கொண்டார். பாடம் முடிந்து பிள்ளைகள் வரிசையாக வெளியே போகும்போது, அந்தப் பெண் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றாள். தன் உயரத்திலேயே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தால் கேட்கத் தோன்றும் இல்லையா, அப்படி, மெல்லக் கேட்டாள்: "மிஸ், இப்ப அஞ்சுன்னு சொல்லலாங்களா?"

எனக்கும் டீச்சருக்கும் மட்டும்தான் அது கேட்டது. அவர் அந்தப் பெண்ணின் தலையைத் தடவி அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். கூட்டம் தொடங்கியது. எல்லோரும் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்கள், அன்றைக்குப்போலவே வியந்தார்கள். பழைய குழம்பைச் சூடு பண்ணிப் பரிமாறுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. இருந்தும், அதிகாரியின் முகம் மலர்வதைப் பார்த்து, இப்படியே முடிந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர், "இந்த மாதிரிதாங்க நாங்க எதிர்பார்க்கறது" என்றார். நிறைவாக டீச்சரைப் பேசச் சொன்னார்.

டீச்சர் ஸ்டூலைவிட்டு எழவில்லை. "எங்க கூட்டத்துல பாத்தத மட்டுந்தானுங்க சொல்லோணும். நானும் அதையே சொல்லிர்றேனுங்க. அந்தப் புள்ளை பதில் சொல்றதுக்கு முன்னால ஸ்கேலப் பாக்கல, டீச்சரோட மூஞ்சியப் பாத்துச்சு. பொறவு வெளிய போறப்ப, இப்ப அஞ்சுன்னு சொல்லலாங்களான்னு எங்கிட்டக் கேட்டுச்சு" என்றார். வகுப்பு டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். "வந்தவங்க ஒண்ணும் கெடைக்காம வெறுங்கையோட போயிரக் கூடாதுன்னுதானுங்க டீச்சர்... உங்களுக்காகத்தானுங்க செஞ்சேன்." அவர் சொன்னது முழு உண்மை. விருந்தாளி வந்தால் நல்லதை எடுத்து வைப்பதுதானே எங்கள் ஊர்ப் பழக்கம்; எங்களுக்குப் பிடித்தது பிள்ளைகளின் தவறு என்று தெரிந்துகொண்டு, ஒரு நல்ல தவறைப் பார்த்துத் தயார்பண்ணி வைத்திருந்தார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்து, "சரிங்க, பார்க்கலாம்" என்று எழுந்தார். அவருக்கு ஊற்றி வைத்த டீ அப்படியே இருந்தது.

புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் நான் டீச்சரோடு சண்டை போட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி குரல் எழுந்துவிட்டது. "தனியாச் சொல்லியிருக்கலாமில்லீங்க டீச்சர்? ஊரக் கூட்டி ஏனுங்க சொன்னீங்க?"

"தனியாச் சொல்லியிருந்தா மாவட்டம் பூராவும் என்னங்க போயிருக்கும்? இதுதானே போயிருக்கும். பள்ளிக்கொடத்துக்குப் பள்ளிக்கொடம், பதில் தெரிஞ்ச புள்ளைய எந்திரிக்க வெச்சுத் தெரியாதுன்னு சொல்ல வெச்சிருப்பாங்க."

"அந்த டீச்சர் அழுததப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க" என்றார். சேலம் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். ஸ்டூல் என் வண்டியில் இருந்தது.

அடுத்த ஆண்டு நாங்கள் மண்டபத்துக்கே திரும்பினோம். குழு தானாகக் கலைந்தது. டீச்சர் கலந்தாய்வில் மாறுதல் கேட்டு, வாழப்பாடிப் பக்கம் ஒரு பள்ளிக்கு வகுப்பாசிரியராகவே போய்விட்டார். அன்று அழுத அந்தப் புதுச்சத்திரத்துப் பள்ளி டீச்சரைப் பார்க்க நான் வேலை நிமித்தம் போவதுண்டு. துண்டு போட்ட நாற்காலி போடுகிறார், காப்பி கொடுக்கிறார், பிள்ளைகள் தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கிறார்கள். புரியாத ஒன்று என்று எதையும் அவர் என்னிடம் அதற்குப் பிறகு சொன்னதில்லை. ஸ்டூல் டீச்சர் செய்தது சரி என்று வண்டி ஓட்டும்போது தோன்றும். அந்தப் பள்ளி வாசலில் இறங்கியதும் அது எப்படிச் சரி, நம்பி வந்த மனுஷியை நடுச்சபையில் விட்டாரே என்று கோபம் வரும். திரும்பி வருகையில் மறுபடியும் சரி என்று படும். இந்தத் தவிப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை. இப்போது பயிற்சிகளில் "சுயசிந்தனை" என்று ஒரு பகுதியே வந்துவிட்டது. முடிவில் செல்போனுக்கு ஓர் இணைப்பு வரும், அதில் தன் கற்பித்தலைப் பற்றி யோசித்து எழுத வேண்டும். எழுதாதவர்களுக்கு வாட்ஸாப்பில் நினைவூட்டுவது என் வேலை. எழுதுகிறவர்கள் எழுதுவது என்ன என்று நான் சொல்லவும் வேண்டுமா? மிகவும் பயனுள்ளதாக இருந்தது.

போன மாதம் டீச்சர் கூப்பிட்டார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. "சார், எனக்கு ஒண்ணு புரியலைங்க. எங்க வகுப்புல புள்ளைங்க எல்லாம் நல்லா பதில் சொல்லுதுங்க. ஒண்ணுகூட எங்கிட்டக் கேள்வி கேக்க மாட்டேங்குது. நான் என்ன பண்றேன்னு எனக்குத் தெரியல. வந்து பாத்துச் சொல்லுங்க. அந்த ஸ்டூல் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார். இருந்தால் என்ன இருந்தால்! மறுவாரமே விடுப்பு போட்டுவிட்டு, கால்களை அகட்டிக்கொண்டு சேலம் சுற்றி வாழப்பாடி போனேன்.

ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர். மேசைமேல் மஞ்சள் கிழங்கு, மட்டையோடு ஒரு பாக்கு, ஒரு கல், வெற்று டப்பா. ஒவ்வொன்றாகக் காட்டி, "மிதக்குமா, முங்குமா? யோசிச்சுச் சொல்லு கண்ணு" என்று கேட்டார். கனிவான குரல், அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. நான் பின்வரிசையில் ஸ்டூலில், பிள்ளைகள் உயரத்தில். எல்லா விடையும் சரியாகவே வந்தது. பாக்கைக் காட்டியபோது ஒரு பெண் "முங்..." என்று தொடங்கினாள், பாதியில் நிறுத்தினாள், "மிதக்கும்" என்றாள். டீச்சர் பாக்கைத் தண்ணீரில் விட்டார். மிதந்தது. வகுப்பே கை தட்டியது. பிள்ளைகள் வெளியே போனதும் டீச்சர் என் எதிரில் தரையில் உட்கார்ந்து, "என்ன பாத்தீங்க?" என்றார்.

நல்லா இருந்துச்சுங்க டீச்சர் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இவ்வளவு தூரம் போயிருக்கிறேன், அவருக்கு நரைத்துப் போயிருந்தது, காலையில் வந்ததும் எனக்கு டீ போட்டுக் கொடுத்திருந்தார். அந்த நிமிஷத்தில் புதுச்சத்திரத்துப் பள்ளி டீச்சரின் மனது எனக்கு நன்றாகவே புரிந்தது. இருந்தாலும் சொன்னேன். "பாக்கு காட்டுனப்ப அந்தப் புள்ளை பாத்திரத்தப் பாக்கலைங்க. உங்க மூஞ்சியப் பாத்துச்சு. முங்கும்னு ஆரம்பிச்சுச்சு. உங்க புருவம் லேசா ஏறுச்சு. ஒடனே மாத்திருச்சு. மத்த புள்ளைங்களும் அப்படித்தானுங்க. யாரும் தண்ணியப் பாக்கல."

டீச்சர் எழுந்து போய்ப் பாத்திரத்துக்குள் பார்த்தார். பாக்கு அதில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "அவுங்க வாயால சொல்லிக் குடுத்தாங்க" என்றார். "அதுக்கு நான் அத்தன பேரு முன்னாடி அவுங்கள அழ வெச்சேன். நான் மூஞ்சியால சொல்லிக் குடுத்துட்டு இருந்திருக்கறேனுங்க. அன்னைக்கும் அப்படித்தான் இருந்திருப்பேன், பாக்கறதுக்குத்தான் ஆளில்லை." கண் கலங்கியிருந்தது. எத்தனையோ காலம் அவரோடு மனதுக்குள் போட்ட சண்டை அந்த நேரத்தில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கிளம்பும்போது ஸ்டூலைத் தூக்கினேன். "அது இங்கயே இருக்கட்டுங்க சார். அந்த டீச்சர்கிட்டச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணு புரியல, வந்து எங்க வகுப்புல உக்காந்து பாக்கோணும்னு நான் கேட்டேன்னு சொல்லுங்க. அவுங்க எதப் பாக்கறாங்களோ அதச் சொல்லட்டும்" என்றார்.

மறுநாளே புதுச்சத்திரம் போய், அவர் சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். அந்த டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "பாக்கலாங்க சார்" என்றார், முகத்தைத் திருப்பவில்லை. காப்பி குடித்துவிட்டு, காரியம் ஆகாது என்று முடிவு கட்டி வீடு வந்து சேர்ந்தேன். மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை. எனக்கு எதிலும் மனம் நிலைகொள்ளவில்லை, பயிற்சியில் நினைவூட்ட வேண்டியவர்களுக்கு நினைவூட்ட மறந்து திட்டு வாங்கினேன். நேற்றுச் சாயங்காலம், ராசிபுரம் கடைவீதியில் வண்டியை நிறுத்திக் காய் வாங்கிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. "சார், வாழப்பாடிக்கு நான் எந்த பஸ்ஸுங்க ஏறோணும்?" என்று கேட்டார் அந்த டீச்சர். சேலம் புதுப் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆத்தூர் பஸ் ஏறச் சொன்னேன். வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன். கால் வைக்கும் இடம் காலியாகக் கிடக்கிறது, என் கால்கள் இரண்டும் இன்னும் வெளியே அகன்றபடியே இருக்கின்றன. உள்ளே எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினேன்.